விழாவும் அயலும்

கொழும்பு மாநகரிலே விழா இல்லாத திங்கள் இல்லை எனலாம். தையிலே பொங்கல்; மாசியிலே சிவராத்திரி; சித்திரையிலே புத்தாண்டு; வைகாசிப் பூரணையிலே வெசாக்; ஜூன் 13ஆம் நாள் கொச்சிக்கடை அந்தோனியார் திருநாள்; ஆடியிலே வேல்விழா; ஐப்பசியிலே தீபாவளி; மார்கழியிலே நத்தார். இவற்றினிடையே பிறை கண்டு வருகின்ற நோன்புப் பெருநாளும் ஹஜ்ஜுப் பெருநாளும் உள. ஒவ்வொரு விழாவுக்கும் ஒவ்வோர் ஓசை உண்டு. மேளமும் நாதசுரமும் ஒன்றுக்கு, ஆலயமணி ஒன்றுக்கு, பறையும் சங்கும் ஒன்றுக்கு, தக்பீர் முழக்கம் ஒன்றுக்கு, சீனவெடி எல்லாவற்றுக்கும். ஒருவருடைய விழாநாள் அயலவருக்கு வேலைநாளாக இருத்தல் கூடும். ஒருவருடைய களிப்பு மற்றொருவருடைய துயிலைக் கலைத்தலும் கூடும். அயலவன் கொண்டாடாத நாளிலே நாம் எவ்வாறு கொண்டாடுதல் வேண்டும் என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

இது நல்லொழுக்கம் பற்றிய சிறு வினா என்று சிலர் எண்ணலாம். ஆனால், இந்நகரின் வரலாற்றைச் சிறிது பின்னோக்கிப் பார்ப்போருக்கு இவ்வினா சிறிதாகத் தோன்றாது. இதற்குத் தக்க விடை காணாமையால் இந்நகரிலே ஒருவர் உயிரிழந்த நாள் ஒன்று உண்டு. அது நிகழ்ந்த இடம் கொட்டாஞ்சேனை.

கொட்டாஞ்சேனை கொழும்புத் துறைமுகத்தை அடுத்துக் கிடக்கும் பழைய பகுதி. புனித லூசியாள் பேராலயம் அங்கேதான் உள்ளது. அதற்குச் சமீபத்திலே, ஒன்றின் ஓசை மற்றொன்றிற் கேட்கத்தக்க தொலைவில், தீபதுத்தாமாராமய என்னும் பௌத்த விகாரை உள்ளது. பொன்னம்பலம் இராமநாதன் அவர்கள் கருங்கல்லாற் புதுக்கிய பொன்னம்பலவாணேசர் கோயிலும் அப்பகுதியிலேயே இருக்கின்றது. பள்ளிவாசல்களும் உள. நான்கு சமயத்தாரும் தோளோடு தோள் உரசி வாழ்கின்ற இடம் அது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே தீபதுத்தாமாராமயவில் இருந்தவர் மிகெட்டுவத்தை குணானந்த தேரர். 1873இலே பாணந்துறையிற் கிறித்தவப் போதகரோடு வாதம் புரிந்து புகழ்பெற்ற பெரும் பேச்சாளர் அவர்.

1883ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களிலே அந்த விகாரையில் ஒரு பெருவிழா நடந்துகொண்டிருந்தது. பல ஊர்களிலிருந்து பக்தர்கள் காணிக்கைகளோடும் பறை முழக்கத்தோடும் ஊர்வலமாக வந்துகொண்டிருந்தனர். அவ்வேளையிலேதான் கத்தோலிக்க மக்களின் புனித வாரமும் வந்தது. மௌனமும் தவமும் கலந்த நாட்கள் அவை. பெரிய வெள்ளி கழிந்து, மார்ச்சு 25ஆம் நாள் உயிர்த்த ஞாயிறு. அன்று பொரளைப் பக்கமிருந்து ஓர் ஊர்வலம் கொட்டாஞ்சேனையை நோக்கி வந்தது. அதிலே தம் சமயத்தை இழிவுபடுத்தும் உருவங்கள் கொண்டுவரப்படுகின்றன என்றொரு வதந்தி கத்தோலிக்க மக்களிடையே பரவியது. ஆலய மணிகள் ஒலித்தன. கூட்டம் திரண்டது. வெள்ளைச் சிலுவைக் குறியிட்டோர் பலர் தடிகளோடு எதிர்ப்பட்டனர். நடந்த கைகலப்பில் ஒருவர் உயிரிழந்தார். ஏறக்குறைய முப்பதின்மர் காயமடைந்தனர். அவர்களுள்ளே பொலிசாரும் இருந்தனர்.

பின்னர் அரசாங்கம் ஆணைக்குழு ஒன்றை நியமித்து விசாரித்தது. தாக்கியோரை மட்டுமன்றி, அனுமதி அளிப்பதிலும் மறுப்பதிலும் ஒரு நிலையில் நில்லாது தடுமாறிய பொலிசாரையும் அக்குழு குறைகூறியது. போதிய சான்று இல்லையென்று கூறி, குற்றஞ்செய்தோர் தண்டிக்கப்படாமலே விடப்பட்டனர். பௌத்த மக்களின் மனம் புண்பட்டது. 1884இலே கேணல் ஒல்கொட் அவர்கள் அவர்களுடைய முறைப்பாட்டை எடுத்துக்கொண்டு இலண்டன் சென்றார். அதன் பயனாக 1885 முதல் வெசாக் பூரணை பொது விடுமுறையாயிற்று. அவ்வாண்டு ஏப்பிரல் 28ஆம் நாள், அதே தீபதுத்தாமாராமயவிலே பௌத்தக் கொடி முதன்முதலாக ஏற்றப்பட்டது. முகத்துவாரத்திலே இருந்த புனித தோமையார் கல்லூரியில் அப்பொழுது கற்றுக்கொண்டிருந்த பௌத்த மாணவர் ஒருவரை, இக்கலகத்தின் பின் அவர் தந்தையார் அப்பள்ளியினின்றும் நிறுத்திவிட்டார். அந்த மாணவரே பிற்காலத்தில் அநகாரிக தர்மபாலர் என்று பெயர்பெற்றார். ஒரு தெருவிலே ஒரு பிற்பகலில் நடந்த கலகம், ஒரு நாட்டின் விடுமுறைப் பட்டியலையும் ஒரு தலைமுறையின் மனப்போக்கையும் மாற்றிவிட்டது.

இங்கே நாம் நின்று எண்ணவேண்டியது ஒன்றுண்டு. ஊர்வலம் செல்வது பௌத்தரின் உரிமை. திருநாளை அமைதியாகக் கொண்டாடுவது கத்தோலிக்கரின் உரிமை. இரண்டும் மறுக்கப்படத்தக்கன அல்ல. இவ்விரண்டு உரிமைகளும் ஒரே நாளில், ஒரே தெருவிற் சந்தித்தபொழுது, அனுமதிப்பத்திரம் ஒன்றே பேச்சுக்குரிய இடத்தைப் பிடித்துக்கொண்டது. பத்திரம் கையில் இருந்தால் அயலவனைக் கேட்கவேண்டுவதில்லை என்று ஒருவர் நினைப்பார். பத்திரம் மறுக்கப்படவில்லையே என்று மற்றவர் சினப்பார். பேச்சு இல்லாத இடத்திலே வதந்தி புகுந்துகொள்ளும். 1883இன் பாடம் இதுவே.

சட்டம் இவ்வினாவை எவ்வாறு நோக்கிற்று என்பதையும் காண்போம். 1865ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பொலிஸ் கட்டளைச்சட்டம், தெருக்களிலே பறையறைவதையும், குதிரைகளை மருளச்செய்யும் இசையையும், இரவிலே குடிமக்களின் துயிலைக் கெடுக்கும் ஓசையையும் அனுமதியின்றிச் செய்தலாகாது என்று விதித்தது. குதிரை வண்டிகள் ஓடிய காலத்துச் சட்டம் அது. குதிரைகள் மறைந்தன, மனிதரின் துயில் மறையவில்லை. ஆதலால் அச்சட்டத்தின் கருத்தும் பழமையடையவில்லை.

ஆயினும், ஓசையை யார் அளவிடுவது, எத்தனை யார் தூரத்துக்கு அளவிடுவது என்னும் வினா எழுந்தபொழுது இடர்ப்பாடு தோன்றிற்று. கொட்டாஞ்சேனையில் எழுந்த அதே வினா, முப்பது ஆண்டு கழித்து மலைநாட்டுக் கம்பளையிலே எழுந்தது. அங்கே வலஹகொடைத் தேவாலயத்தின் பெரஹரா, அம்பகமுவைத் தெருவிலுள்ள பள்ளிவாசலைக் கடந்து செல்லும்போது பறையை நிறுத்தவேண்டுமா என்பது வழக்காயிற்று. 1914இலே கண்டி மாவட்ட நீதிமன்றம் தேவாலயத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. 1915 பெப்ருவரியிலே உயர் நீதிமன்றம் அதனை மாற்றியது. ஒரு பக்கத்தார் வென்றனர்; பின்னர் மறுபக்கத்தார் வென்றனர்; அயலுறவு மட்டும் இருமுறையும் தோற்றது. அவ்வாண்டு வெசாக் காலத்திலே கண்டியில் மூண்ட கலவரம் கொழும்பு உட்படப் பல இடங்களுக்கும் பரவிப் பெருந்துயர் விளைத்தது. இராணுவச் சட்டமும் வந்தது. அதற்குக் காரணங்கள் பல என்பர் வரலாற்றாசிரியர். வாணிகப் போட்டியும் அவற்றுள் ஒன்று. எனினும் பற்றவைத்த பொறி, விழாவின் ஓசை பற்றிய வழக்கே.

இனி, இதற்கு எதிர்மாறான ஒரு காட்சியையும் காட்டுதல் முறையாகும். அது நம் வேல்விழா. 1870களிலே கதிர்காம யாத்திரையால் வாந்திபேதி பரவுகின்றது என்று அஞ்சிய அரசாங்கம் அந்த யாத்திரைக்குக் கட்டுப்பாடு விதித்தது. கதிர்காமம் செல்லவியலாத அக்காலத்திலே, கொழும்பு நாட்டுக்கோட்டைச் செட்டிமார் நகருக்குள்ளேயே வேல்விழாவை எடுத்தனர். செட்டியார் தெருக் கதிரேசன் கோயிலிலிருந்து வேலைத் தாங்கிய தேர் புறப்பட்டு, காலிமுகத் திடலைக் கடந்து, காலி வீதி வழியே பம்பலப்பிட்டிக்கு வரும். இவ்விழாவும் ஓசை மிக்கது. நகரின் முதன்மையான வீதியையே அது மறிக்கின்றது. அவ்வாறிருந்தும், கொழும்பிலுள்ள பிற சமயத்தார் பலர் இதனைத் தம் விழாவாகவே கருதிப் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு தெருவோரம் வந்து நின்றனர். கரும்பு வாங்கிக்கொண்டு வீடு திரும்பினர்.

இவ்வேறுபாட்டுக்குக் காரணம் யாது? தேர் செல்லும் நாளும் வழியும் எல்லாரும் முன்கூட்டியே அறிந்தவை. வழிநெடுகத் தண்ணீர்ப் பந்தல்கள் உண்டு. தாகத்தோடு வருபவனின் சமயம் யாதென்று அங்கே வினவுவார் இல்லை. விழா அயலவனைக் கடந்து செல்லவில்லை. அயலவனையும் சேர்த்துக்கொண்டு சென்றது. அறிவித்தல், அளவறிதல், பகிர்தல் என்னும் மூன்றும் அங்கே இருந்தன. இம்மூன்றும் உள்ள விழா எத்துணைப் பெரிதாயினும் அயலவனுக்குப் பாரமாவதில்லை.

இதுவரை தெருவிற் சென்ற விழாவைப் பற்றிப் பேசினோம். இனி வீட்டுக்குள்ளே நடைபெறும் விழாவுக்கு வருவோம். கொழும்பின் வாழ்க்கை முறை அரை நூற்றாண்டிலே பெரிதும் மாறிவிட்டது. ஒருகாலத்திலே வெள்ளவத்தையில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வளவு இருந்தது. வளவில் தென்னையும் மாவும் நின்றன. வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையே மதில் இருந்தது. காணி அருகி விலை ஏறவே வீடுகள் மேல்நோக்கி எழலாயின. 1973ஆம் ஆண்டிலே 11ஆம் இலக்கத் தொடர்மாடி உடைமைச் சட்டம் இயற்றப்பட்டது. ஒரே கட்டிடத்தின் ஒவ்வொரு மாடியையும் தனித்தனியே உடைமையாகக் கொள்ள அது வழிவகுத்தது. 1980களிலும் 1990களிலும் போர் காரணமாக வடக்குக் கிழக்கிலிருந்து பெயர்ந்து வந்த குடும்பங்கள் பெருந்தொகையாக வெள்ளவத்தையிற் குடியேறின. காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய தெருக்களிலே தொடர்மாடிகள் நெருங்கி எழுந்தன. கொட்டாஞ்சேனையிலும் அவ்வாறே. இன்று அவற்றின் பொதுக் காரியங்களை முகாமைத்துவக் கூட்டுத்தாபனங்கள் பார்க்கின்றன. அவற்றுக்கு மேலே கூட்டாதன முகாமைத்துவ அதிகாரசபை உள்ளது.

யாழ்ப்பாணத்து வேலியை அறிந்தோர் ஒன்றை நினைவுகூர்வர். கிடுகு வேலி இரு வளவுகளையும் பிரிக்கும். ஆனால் அவ்வேலியில் ஒரு பொட்டும் இருக்கும். அந்தப் பொட்டு வழியே பலகாரத் தட்டும் போகும். நெருப்பெடுக்கப் பிள்ளையும் போகும். ‘நாளை எங்கள் வீட்டிலே விசேஷம்’ என்ற செய்தியும் போகும். தொடர்மாடியிலே சுவர் உண்டு, பொட்டு இல்லை. ஆயினும் வேலியால் வராத ஓசை சுவரால் வருகின்றது. மேல்மாடியில் இருப்பவரின் நிலம் கீழ்மாடியில் இருப்பவரின் கூரை. நாற்காலியை இழுப்பதும், உரலில் இடிப்பதும், பிள்ளைகள் ஓடி விளையாடுவதும் கட்டிடத்தின் உடலினூடே அதிர்ந்து கீழே செல்லும். கதவை அடைத்தாலும் அது நிற்காது. வளவு வீட்டிலே இருபது விருந்தினர் வந்தால் அது அவ்வீட்டாரின் செய்தி. தொடர்மாடியிலே இருபது விருந்தினர் வந்தால் மின்தூக்கியும் படிக்கட்டும் வாகனத் தரிப்பிடமும் தண்ணீர்த் தொட்டியும் எல்லாரும் அதனை அறியும்.

சட்டமும் இங்கே நம்மோடு வந்திருக்கின்றது. 1996ஆம் ஆண்டின் ஒலிக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகள், மாநகரசபை எல்லைக்குட்பட்ட பகுதிகளுக்குப் பகலில் 63 டெசிபெல், இரவில் 50 டெசிபெல் என்று அளவு வகுத்தன. இருவர் அருகிருந்து இயல்பாக உரையாடும் ஓசையே ஏறக்குறைய 60 டெசிபெல் ஆகும் என்பதை எண்ணினால், இரவு அளவு எவ்வளவு குறைந்தது என்பது புலனாகும். 2007ஆம் ஆண்டு நவம்பரிலே உயர் நீதிமன்றம், வெலிகமைப் பள்ளிவாசல் ஒன்றின் ஒலிபெருக்கி பற்றி எழுந்த வழக்கிலே, எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவாக ஒரு கட்டளை இட்டது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி வழங்கலாகாது என்பது அதன் சாரம். சிறப்பு விழாக்களுக்கு விலக்களிப்பதாயின், சுற்றயலிற் குடியிருப்போரின் கருத்தை அறிந்த பின்னரே அளித்தல் வேண்டும் என்றும் நீதிமன்றம் கூறிற்று. நேயர்களே, இதனை ஊன்றி நோக்குக. 1865இலே பொலிசாரைக் கேட்கச் சொன்ன சட்டம், 142 ஆண்டுகள் கழித்து, அயலவரையும் கேள் என்று சொல்லக் கற்றுக்கொண்டது. இடையிலே கொட்டாஞ்சேனையும் கம்பளையும் கண்டியும் கிடக்கின்றன.

சட்டம் செல்லாத இடங்களும் உண்டு. அடுத்த வீட்டிலே பச்சைக் குழந்தை உறங்குகின்றதா, உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை இருக்கின்றதா, நோயாளி ஒருவர் படுக்கையிற் கிடக்கின்றாரா என்பதைச் சட்டம் அறியாது. அறிய வல்லவன் அயலவனே. நம் முன்னோர் இதனை அறிந்திருந்தனர். தெருவிலே ஒரு வீட்டிற் சாவு நேர்ந்தால், பிணம் எடுக்கப்படும்வரை அத்தெருக் கோயிலிற் பூசை நடைபெறாது. தேவனுக்குரிய மேளமே துக்கவீட்டுக்காகக் காத்திருக்குமாயின், நம் வீட்டு விருந்தின் பாட்டுக் காத்திருத்தல் பெரிதன்று.

விழா எடுப்போர் செய்யத்தக்கன அரியவை அல்ல. நான்கு நாள் முன்னரே மேல்வீட்டாருக்கும் கீழ்வீட்டாருக்கும் பக்கத்து வீட்டாருக்கும் நேரிற் சென்று சொல்லுதல் முதலாவது. எத்தனை மணிக்குத் தொடங்கும், எத்தனை மணிக்கு முடியும் என்பதையும் சொல்லுதல் வேண்டும். சொன்ன மணிக்கு முடித்தலும் வேண்டும். முடிவு தெரிந்த ஓசையைப் பொறுத்தல் எளிது. முடிவு தெரியாத ஓசையே மனிதரை வருத்துவது. பொங்கலன்று விடியற்காலையிலே அடுப்பு மூட்டுவோர், பொது நடைபாதையிலும் படிக்கட்டிலும் மூட்டாது, காவலாளியையும் கூட்டுத்தாபனத்தாரையும் கேட்டுத் திறந்த முற்றத்தில் மூட்டுவதே நன்று. ஒடுங்கிய வழியிலே எழும் நெருப்பு ஒரு வீட்டோடு நில்லாது. சீனவெடியைத் தொடர்மாடியின் உள்முற்றத்திற் கொளுத்தினால் நாற்புறச் சுவரும் அதனை நான்கு மடங்காக்கித் திருப்பித் தரும். விருந்தினரின் பாதணிகள் அடுத்த வீட்டு வாயிலை அடைத்துக் கிடத்தலாகாது. அவர்களுடைய வாகனங்கள் பிறர் இடத்தில் நிற்றலாகாது. நூறு பேரை அழைக்கும் வைபவமாயின், அதற்கு மண்டபம் இருக்கின்றது. மூன்று அறை வீடு மண்டபம் ஆகாது.

இவற்றோடு பலகாரத் தட்டை மறத்தலாகாது. பொங்கலும் முறுக்கும் கொடுத்துப் புத்தாண்டிலே கொக்கிசும் பாற்சோறும் வாங்கி, பெருநாளன்று வட்டிலப்பமும் நத்தாரன்று கேக்கும் உண்டு வளர்ந்த பிள்ளைகள் கொழும்பிலே பலர். கொடுப்பவர் அயலவரின் உணவு நெறியை அறிந்து கொடுத்தல் வேண்டும்; மரக்கறி உண்பவருக்கு மரக்கறியும், இஸ்லாமியருக்கு ஆகுமானதும் அனுப்புதலே மரியாதை. மறுபுறத்திலே, அயலவருக்கும் ஒரு கடமை உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை வரும் விழாவின் ஓசையைச் சிறிது பொறுத்தல் அவர் தரும் பரிசு. பொறுக்க இயலாதபோது, பொலிசாரை அழைக்கும் முன் கதவைத் தட்டி இன்சொல்லாற் கூறுதல் அவர் காட்டும் பண்பு.

இவ்வளவு நுணுக்கமாகப் பேசவேண்டுமா என்று கேட்போருக்கு, வெள்ளவத்தை தானே ஒரு விடை கூறும். 1983 ஜூலையிலே அத்தெருக்களில் தமிழருடைய வீடுகளும் கடைகளும் எரிந்தபொழுது, சட்டம் அவர்களைக் காக்க வரவில்லை. பல குடும்பங்களைக் காத்தவை அயல்வீட்டுக் கதவுகள். சிங்களரும் முஸ்லிம்களும் பறங்கியரும் தம் உயிரையும் பொருட்படுத்தாது தமிழ் அயலவரை உள்ளே அழைத்து ஒளித்து வைத்தனர். எல்லாக் கதவுகளும் திறக்கவில்லை என்பதும் உண்மை. திறந்த கதவுகள் அந்த ஒரு நாளிலே திறக்கக் கற்றவை அல்ல. அதற்கு முன் பல்லாண்டுகளாகப் பலகாரத் தட்டுக்கும் நலம் விசாரிப்புக்கும் திறந்து பழகிய கதவுகள் அவற்றுள் பலவாகும்.

கொட்டாஞ்சேனையும் இதற்கு மறுமொழி கூறியிருக்கின்றது. 1883இன் உயிர்த்த ஞாயிறு கழிந்து 136 ஆண்டுகளின் பின், 2019 ஏப்பிரல் 21ஆம் நாள், மற்றோர் உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயம் குண்டுத் தாக்குதலுக்கு இலக்காயிற்று. அடுத்த திங்களில் வந்த வெசாக் பூரணை, நாட்டிற் பல இடங்களிலே வழக்கமான ஆரவாரமின்றி அமைதியாகக் கழிந்தது. பாதுகாப்பு அச்சமும் அதற்குக் காரணமே. துயருற்றோருக்குக் காட்டிய மரியாதையும் காரணம். ஒருகாலத்திலே பறையை நிறுத்துவதா இல்லையா என்று மோதிக்கொண்ட நாட்டிலே, கட்டளையை மட்டும் நோக்காது தம் விழாவின் ஓசையைத் தாமே தாழ்த்திக்கொண்டோரும் இருந்தனர்.

ஓசையைத் தாழ்த்துவதால் விழா சிறுத்துவிடுவதில்லை. உரிமை உடையவன் அதனை அளவோடு செலுத்துவதே பெருமை. தொடர்மாடியிலே வாழும் நேயர்கள், வருகின்ற விழாவுக்குப் புத்தாடை எடுக்கும்போதும் பலகாரத்துக்கு மா இடிக்கும்போதும், அடுத்த வீட்டுக் கதவை ஒருமுறை தட்டுவதையும் அந்த ஆயத்தங்களுள் ஒன்றாகச் சேர்த்துக்கொள்வார்களாக.